ஒன்பதாம் கட்டம்

டர்பன் துறைமுகத்துக்கு எதிரே
மூன்றாம் மாடியில் என் மேசை.
ஏட்டைப் பார்த்து முத்திரை குத்துவது வேலை.
பிறந்த அன்றே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்;
பொழுது சாய்வதற்குள் ஏடு வந்துவிடும்.
எதற்கு அஞ்சுவாய், எதற்கு அழுவாய்,
எந்த வயதில் மூட்டு தேயும்,
கடன் வாங்கினால் திருப்பித் தருவாயா.

தலையெழுத்து என்றார்களே,
திறந்து பார்த்தால் நான்கே எழுத்து.
எனக்குச் சனிக்கிழமை வகுப்பில்
இருநூற்று நாற்பத்தேழு சொல்லிக்கொடுத்தார்கள்.
அத்தனையும் கையில் இருந்தும்
என் கணவரிடம் ஒரு ‘வேண்டாம்’ சொல்லப்
பதினோரு வருஷம் ஆயிற்று.
பணிவு, தொண்ணூற்று நான்கு விழுக்காடு:
என் ஏடு.
அதைப் பார்த்துத்தான் வேலையே கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.
டொங்காட்டிலிருந்து ரயிலில் வந்தாள்
கோகிலம் படையாச்சி, வயது பத்தொன்பது.
கப்பல் வழிகாட்டிப் பள்ளி வேண்டாம் என்றிருந்தது.
ஓடும் படகிலிருந்து
ஓடும் கப்பலின் விலாவில் தொங்கும் நூலேணிக்கு
அலை உச்சிக்கு ஏறும் அந்த ஒரு நொடியில்
தாவ வேண்டும்.
ஆபத்தில் இவளுக்குக் கை நடுங்கும்
என்கிறது ஏடு. ஐயத்துக்கு இடமில்லையாம்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
‘ஏடு தவறு என்பதற்கு ஆதாரம்.’
காலியாக விட்டிருந்தாள்.

“எழுதாவிட்டால் தள்ளுபடிதான்” என்றேன்.
“ஏடு தவறு இல்லையே” என்றாள்.
கையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
என் தேநீர்க் கோப்பைக்குள்
வட்டம் வட்டமாய்ச் சிற்றலை.
“உங்களைப் பார்த்தே இப்படி.
சித்தப்பாவின் மத்திப் படகில் மூன்று வருஷம்,
நடுங்காத நாள் இல்லை.
நடுங்குகிற கையால்தான் கயிற்றைப் பிடிப்பேன்.
கயிற்றுக்குத் தெரியுமா?”

மதியம் நான் சாப்பிடவில்லை.
கீழே கிடங்கில் பழைய கப்பல் பட்டியல்களின் படிகள் உண்டு.
கரும்புக்கு ஆள் ஏற்றி வந்த காலத்தவை.
எண், ஊர், சாதி, உயரம்,
கடைசிப் பத்தியில் அடையாளம்:
இடது முழங்காலில் தழும்பு.
வலது புருவத்தில் வெட்டு.
முதுகில் தீப்பட்ட வடு.
மாட்டை எண்ணுவதுபோல் எண்ணியவன்கூடப்
பிறந்த பிறகு இவர்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று
ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறான்.
எங்கள் ஏட்டில் அந்தப் பத்தி கிடையாது.

மேலே வந்தேன். அவள் போகவில்லை,
ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
ஒன்பதாம் கட்டத்தில்
என் கையெழுத்திலேயே எழுதினேன்:
‘ஏடு சரி. கயிற்றுக்குத் தெரியாது.’
குத்தினேன். ஏற்கப்பட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
தொண்ணூற்று நான்கு போக ஆறு.
அந்த ஆறும் எழுதி வைத்ததுதானே?
நான் மீறினேனா,
இல்லை, என் ஆறுக்கு முறை வந்ததா?
மீறுவதையும் ஊழ் முன்கூட்டியே
தன் கணக்கில் வரவு வைத்திருந்தால்,
வைத்துக்கொள்ளட்டும்.
கேள்வியை யாரிடம் கொடுத்து
முத்திரை வாங்குவது என்று தெரியவில்லை.
கட்டைவிரலில் மை மட்டும் போகவே இல்லை,
எலுமிச்சை தேய்த்தும்.

மேலிடத்திலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை. யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது
ஒன்பதாம் கட்டத்தை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை.
ப்ளஃப் குன்றைத் தாண்டிச் சரக்குக் கப்பல் ஒன்று திரும்புகிறது.
பக்கத்தில் சின்னப் படகு, எழுந்து, அமுங்கி, எழுந்து.
ஆரஞ்சுச் சட்டையில் யாரோ ஒருவர்
ஏணியில்.

அவள்தானா என்று தெரியவில்லை.
மூன்றாம் மாடியிலிருந்து
கை நடுங்குவது தெரியாது.