அசற்றோன்

பேச மூன்று நிமிடம் தந்தார்கள்.
ஒன்றரை நிமிடத்தில் நன்றி முடிந்துவிட்டது.
மிச்சத்தை எடுத்துக்கொண்டு
இரவு ரயிலில் ஏறினேன்.

புணானையில் விடிந்தது.
மடியில் நீலப் பெட்டி, உள்ளே வெல்வெட்டு,
வெல்வெட்டில் செங்கல் அளவு பேர்ஸ்பெக்ஸ்.
பல்பகுதிய விஞ்ஞானத்தில்
ஆய்வுக்கும் கற்பித்தலுக்குமாக,
கலாநிதி சுகிரதமலர் நாகமணி.
'ர்' தன் புள்ளியைக் கொழும்பிலேயே விட்டுவிட்டது.

"கிரிக்கெட்டா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.
"இல்லை, இறால் கோது."
அவர் யன்னல் பக்கம் கிறுகிக்கொண்டார்.

உண்மையில் அதுதான்.
வாழைச்சேனையில் தங்கரத்தினம்
இறால் உடைத்து, தலையும் கோதும்
உரப்பையில் கட்டி வைப்பாள்.
"இந்த நாத்தத்தில என்னத்தக் கா எடுக்கப்போறீங்க மிஸ்?"
கைற்றின் என்றால் அவளுக்கு விளங்காது என்று
நான்தான் நினைத்திருந்தேன்.
விளக்கியபோது சொன்னாள்:
"அப்ப இறால் தனக்குத் தைச்ச சட்டையச் சொல்றீங்க."
அதைவிட நல்ல வரைவிலக்கணம்
என் விரிவுரைக் குறிப்பில் இன்றுவரை இல்லை.

மின்வெட்டுக் காலம்.
ஆறு மணித்தியாலம் சூடு குறையக் கூடாது;
மின்சாரமோ இரண்டு மணித்தியாலம்தான் இருக்கும்.
மீராசாகிப், எங்கள் ஆய்வுகூட உத்தியோகத்தர்,
கட்டடத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்தார்.
முதல் சட்டி அலுமினியம், கந்தூரிக்குச் சோறு கண்டது.
சோடியம் ஐதரொட்சைட்டு அதன் அடியைத் தின்றது.
அடுத்த கிழமை இரண்டாம் வருடத்துக்கு
அந்த ஓட்டையைத்தான் பாடமாக எடுத்தேன்.
இரண்டாவது சட்டி எவர்சில்வர்.
பழைய வினாத்தாள் மட்டையால் அவர் விசிற,
வெப்பமானியோடு நான் குந்தியிருக்க,
புகையில் இருவருக்கும் கண்ணீர்.
'கட்டுப்படுத்தப்பட்ட வெப்பநிலையில்' என்று
கட்டுரையில் எழுதினேன்.
நடுவர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள்.

ஏறாவூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து,
வந்தாறுமூலைக்கு வந்தபோது
மீராசாகிப் கதவு திறந்து, கூட்டி முடித்திருந்தார்.
பெட்டியை வாங்கினார். பார்த்தார்.
மூலையில் ரயில் தூசி.
முப்பது வருடம் குடுவை துடைத்த கை
தானாகவே போய்
பஞ்சை அசற்றோனில் தோய்த்து
இழுத்தது,
ஒரே இழுப்பு.

நான் வாய் திறக்க முதலே
பெயர் கரைந்தது.
நாகமணி ஒரு நீலக் கறை.
பேர்ஸ்பெக்ஸில் கண்புரை விழுந்ததுபோல
பால் மங்கல்.

"அல்லாவே... போத்தல் நினைப்பில போட்டன் மிஸ்."
பஞ்சைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
முதலில் மூக்கால், மறுகா வயிற்றால்.
எந்தக் கரைப்பான் எதைத் தொடக் கூடாதென்று
பதினெட்டு வருடமாய்க் கத்துகிறேனே,
கத்தியது போதாது போல.

வாசலில் நிரோசனா.
இந்தப் பாடத்தை இரண்டாம் முறை எடுப்பவள்,
வகுப்பில் கடைசி வாங்கு,
இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.
கிட்ட வந்து குனிந்து
மங்கலை நகத்தால் தொட்டாள்.

"மிஸ், சங்கிலி அறுந்ததா,
இல்லாட்டி வீங்கினதா?"

விசிறி மட்டும் சுற்றியது.
நான் பதில் சொல்லவில்லை.
அவளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
"அறுந்திருக்காது.
சிக்கல் அவிழ்ந்திருக்கும்" என்றாள்.

இம்முறை வினாத்தாளில் ஐந்தாவது:
ஒரு பேர்ஸ்பெக்ஸ் விருது அசற்றோனால் துடைக்கப்பட்டது.
நிகழ்ந்ததைச் சங்கிலிகளின் நிலையில் விளக்குக.
(12 புள்ளிகள்)

துடைத்தவர் பெயரை நான் போடவில்லை.
போடச்சொல்லி
மூன்று நாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்.