செதூபலில் ஒரு தெத்துப்பல்

ஊர் போர்ச்சுகலில் இருக்கிறது.
செதூபல் என்று தமிழில் எழுதும்போது
கடைசியில் தானாக ஒரு பல் முளைத்துவிடுகிறது.
அங்கே யாருக்கும் இது தெரியாது.
இதலீனாவுக்கும் தெரியாது.

மீன் சந்தையில் பதினேழாம் எண் கடை அவளுடையது.
வயது நாற்பத்து மூன்று.
மேல்வரிசையில் இடப்புறக் கோரைப்பல்
ரேஷன் வரிசையில் பொறுமை இழந்தவனைப் போல
ஓர் எட்டு முன்னால் வந்து நிற்கும்.
சிரிப்பு வந்தால் மூடியாக வேண்டும்.
விரல்களில் செதில், உள்ளங்கையில் ரத்தம்,
ஆகவே மணிக்கட்டைத் தூக்கி மூடுவாள்.
அப்படியும் ஒரு செதில் உதட்டில் ஒட்டிக்கொள்ளும்.
"உதட்டில் செதில்" என்பான் பக்கத்துக் கடை ஓசோரியோ,
இருபது வருஷமாக,
காலை வணக்கம் சொல்வதுபோல.

சார்கோ என்றொரு மீன் அங்கே கிடைக்கும்.
வாயைப் பிளந்தால் மனுஷப் பல்.
முன்வரிசை அளவெடுத்து நட்டாற்போல்,
செலவில்லாமல், தவணையில்லாமல்,
பாறையில் ஒட்டிய சிப்பியைக் கொறிப்பதற்கு.
ஒரு வெள்ளிக்கிழமை அதன் குடலை உருவும்போது
அவளுக்கு மீன்மேல் பொறாமை வந்தது.
சனிக்கிழமை டாக்டர் கித்தேரியாவுக்கு போன் செய்தாள்.

வாய்க்குள் ஒரு சின்ன கேமரா நடந்துபோய் வந்தது.
திரையில் அவள் தாடை
சாம்பல் நிறத்தில், ஆளில்லாமல் சுழன்றது.
டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார்.
பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்காருகிறவர்களைப் போல
பற்கள் நகர்ந்து இடம்விட்டன.
பன்னிரண்டு விநாடி.
"நிஜத்தில் இருபத்தாறு மாதம்" என்றார்.
வெளுக்கலாம், ஈறைச் சற்றே செதுக்கலாம்,
முன்பல் இரண்டுக்கும் பீங்கான் ஓடு ஒட்டலாம் என்றும் சொன்னார்.
வண்ண அட்டையில் வெள்ளை மட்டும் பதினாறு.
இதலீனா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"மீனில்கூட நான் கண்ணைப் பார்த்துத்தான் வாங்குவேன்,
வெள்ளையைப் பார்த்து இல்லை.
பல் நகர்ந்தால் போதும்."

பிறகு கம்பி.
ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்ற வாரம்.
கன்னத்தின் உட்புறம் கிழிந்த இடத்தில் மெழுகு.
பொரித்த கணவாய் கூடாது என்றார்கள்;
அந்த ஊரில் அது சோறு கூடாது என்பதுபோல.
மாதம் ஒரு முறுக்கு,
தின்கிற முறுக்கு அல்ல.
பல்லைக் கடித்துக்கொண்டு தவணை கட்டுவது என்பார்கள்,
கடிக்கவும் முடியாத நாட்களில் அவள் கட்டினாள்.
"இந்த வயசிலா?" என்று கேட்டவர்களுக்கு
மத்தியை நிறுத்துக் கொடுத்தாள்,
ஐம்பது கிராம் குறைவாக.

இருபத்தொன்பதாம் மாதம் கழற்றினார்கள்.
முதலில் நாக்கு போய்ப் பார்த்தது.
சாமான் எடுத்துப்போன வீட்டின் தரை மாதிரி வழுவழுப்பு,
இடித்துக்கொள்ள ஒரு மூலையில்லை.
மறுநாள் ஓசோரியோ ஏதோ உளறினான்,
சிரிப்பு வந்தது,
மணிக்கட்டு எழுந்துபோய் மூடியது.
பல் நேராகிவிட்டது,
கைக்கு யாரும் கம்பி போடவில்லை.
"உதட்டில் செதில்" என்றான்.

இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை கொடுத்திருந்தார்கள்,
தண்ணீரைப்போல நிறமற்றது.
மாட்டாவிட்டால் பற்கள்
பழைய விலாசம் தேடிக் கிளம்பிவிடுமாம்.
ஜூலையில் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கடைக்கு வந்தவள்
அதைக் கழற்றிப் பனிக்கட்டிமேல் வைத்தாள்,
சார்கோக்களுக்கு நடுவில்.
அப்படியே மறந்தும் போனாள்.
ஒன்பது மணி வாக்கில்
லிஸ்பனிலிருந்து வந்த ஓர் அம்மாள்
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து
வெகுநேரம் அதைப் பார்த்தாள்.
"இது கிலோ என்ன விலை?"

இதலீனாவின் ஒரு கையில் விலாங்கு, உயிரோடு.
மறு கையில் கத்தி.
சிரிப்பு வந்துவிட்டது,
கூரைத் தகரம் வரைக்கும்.

ஓசோரியோ திரும்பிப் பார்த்தான்.
உதட்டில் செதில் இல்லை.
சொல்வதற்கு வேறெதுவும்
அவன் பழகியிருக்கவில்லை.