வச்சிரம்

காற்று ஆற்றுப்பக்கமிருந்து திரும்பினால்
சின்சினாட்டி ஜன்னல்களைச் சாத்தும்.
கோட்லோப் ஹேகலே ஐயாவின் காற்று அது.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிய வருஷம்
வூர்ட்டம்பர்க்கிலிருந்து வந்தார்.
கையில் ஒரு செப்புக் கொப்பரை,
தலையில் கப்பல் கூலிக்கான கடன்.
கசாப்புத் தெருவின் பின்புறம்
எறிந்த குளம்புகளைத் தள்ளுவண்டியில் பொறுக்கினார்.
சும்மா கிடைக்கும்வரை பொறுக்கினார்.
விலை கேட்டபோது
தெருவையே வாங்கினார்.

நான் அவரிடம் கணக்கெழுதியவன்,
இருபத்தாறு வருஷம்.
எலும்பு, தோல், கரி, சுண்ணாம்பு.
சுண்ணாம்புத் தொட்டியில்
நகம் உதிர்ந்த பையன்களுக்குப்
பேரேட்டில் பத்தி இல்லை.
கேட்டேன் ஒருமுறை.
"கோடு போட்டுக்கொள்" என்றார்.
போட்டேன். கீழே எதுவும் எழுதச் சொல்லவில்லை.

ஊரின் நாற்காலிகளெல்லாம் அவர் வச்சிரத்தில் நின்றன.
தொட்டில், பிடில், சவப்பெட்டி மூடி,
மேயர் உட்கார்ந்த மேடை.
பசையுள்ள ஆள் என்று வங்கி எழுந்து நின்றது.
ஞாயிறு மட்டும்
தேவாலயத்தில் அவர் பெஞ்சு காலியாக இருக்கும்.
ரெகீனா அம்மாள் காலரைக் காடியில் துவைத்தும்
போகாத வாடை.
ஒட்டி உட்கார்ந்தது நான்தான்,
சம்பளக்காரன்.

பிறகு தேவாலயத்துக்கு ஆர்கன் கொடுத்தார்.
ஆயிரத்து இருநூறு குழல்.
ஒரே நிபந்தனை:
தோல் துருத்தி முதல் கடைசி மூட்டு வரை
ஹேகலே வச்சிரம்.
முதல் நாள் அது முழங்கியபோது
மூக்கைப் பொத்தியவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.
அவர் என் காதருகே குனிந்து,
தன் மலைநாட்டுக் கொச்சையில்,
"மாடுகள்" என்றார்.
"கேட்கிறதா? எல்லாம் மாடுகள்."

ஓஹையோ கரை மீறிய பிப்ரவரியில்
தேவாலயக் கதவு வழியே படகில் போனோம்.
பெஞ்சுகள் மிதந்தன, யாருடையது எது என்றில்லாமல்.
மூட்டு மூட்டாகக் கழன்று
ஆர்கன் நின்றது,
சட்டை பொத்தான் விட்ட கிழவன்போல.
குழல்கள் பாதி நீரில்.
பலகை ஒன்றை எடுத்து
விரலால் வழித்து முகர்ந்தார்.
நனைந்த வச்சிரம்
மறுபடி தோலாகியிருந்தது.

"சரக்கில் குற்றமில்லை" என்றார்.
"நீரில் விடவேண்டும். விட்டிருக்கிறது."

வெகுநேரம் துடுப்பை யாரும் தொடவில்லை.
கூரை ஓட்டையில் ஒரு புறா.
பாதிரியார் மேல்மாடத்திலிருந்து
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்,
ஏதாவது கேட்டுவிடலாமா என்ற முகத்துடன்.

"எழுது" என்றார் என்னிடம்.
"நாற்பது ராத்தல், முதல் தரம்.
இனாம் என்று போடாதே.
இனாமாகக் கிடைத்ததை
இந்த ஊர் முகர்ந்துதான் பார்க்கும்.
பாதி விலை."

பேரேடு வெள்ளத்தில் போயிருந்தது.
படகின் விலாவில் கரியால் எழுதினேன்.