மூன்று நிமிடத் தாமதம்

ஐம்பத்து மூன்று வயதில்
ஒரு வயலினை வாடகைக்கு எடுத்தேன்.
"பிள்ளைக்கா? எந்த அளவு?" என்றார் கடைக்காரர்.
என் தோளை நிமிர்த்திக் காட்டினேன்.

ஸாக்ரெப் நகரில்
மிஹால்யேவாட்ஸ் முதல் ஸாப்ரூஜே வரை
இருபத்தாறு ஆண்டாக டிராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளம் திரும்பிய இடத்தில் மட்டுமே
திரும்பிப் பழகியவன்.
இந்தக் கட்டையிலோ
விரல் வைக்க ஒரு கோடுகூட இல்லை.

முதல் ஆசிரியர்
பன்னிரண்டு வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்.
இரண்டாமவர் "எதற்கு?" என்றார்.
நான் யோசிப்பதற்குள்
அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.
மூன்றாமவரிடம் நாலு வகுப்பு.
என் கையைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார்.
குறையாகச் சொல்லவில்லை,
நானும் நேரம் பார்த்தே பிழைப்பவன்.

நாலாவது முகவரி
சலவைக் கடைச் சுவரில்
கிழித்து எடுத்துக்கொள்ளும் துண்டுச் சீட்டாக இருந்தது.
மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
கதவு திறந்ததும்
இருவருக்குமே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி. பனி. கடைசி வண்டி.
முதுகில் பெட்டி துள்ளத் துள்ளக்
கையாட்டிக்கொண்டே ஓடிவந்தவள்.
கண்ணாடியில் பார்த்தேன்.
ஏற்கெனவே மூன்று நிமிடத் தாமதம்.
மூடிவிட்டேன்.

"பதினாலாம் நம்பர்" என்றாள்.
"ஆமாம்."
கதவைச் சாத்தினாள்.

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது.
ஒரு படி இறங்கினேன்.
உள்ளே முட்டைக்கோஸ் வேகும் வாசனை.
அதே படியில் மறுபடி ஏறினேன்.

திறந்தாள். சிரிக்கவில்லை.
"அன்றைக்கு நாலு கிலோமீட்டர் நடந்தேன்.
ஷூவைக் கழற்றுங்கள்."

யஸ்னாவுக்கு முப்பது இருக்காது.
என்னை 'நீங்கள்' என்பாள்.
என் கட்டைவிரலைத் திட்டும்போது மட்டும் 'நீ'.
"நீ ஏன் இப்படி விறைத்துக் கிடக்கிறாய்?"

மழையில் சக்கரம் வழுக்கினால்
தண்டவாளத்தில் மணல் தூவுவோம் என்றேன்.
வில் வழுக்கினால் குங்கிலியம் என்றாள்.
நாங்கள் பேசிக்கொண்ட தத்துவம் அவ்வளவுதான்.

ஒருநாள் கேட்டாள்:
"நிற்கிற பயணி தடுமாறாமல்
எப்படி பிரேக் போடுவீர்கள்?"
வெறுங்கையால் செய்து காட்டினேன்.
"அசையாதீர்கள்" என்று
அந்தக் கைக்குள் வில்லைச் செருகினாள்.

இப்போது கடைசி நிறுத்தத்தில்
வண்டி திரும்புவதற்கு முன்
ஒன்பது நிமிடம் கிடைக்கிறது.
காலி இருக்கைகள். புகை படிந்ததுபோல் ஜன்னல்.
மூன்றாம் விரல் இன்னும்
ஒரு மயிரிழை தாழ்ந்துதான் விழுகிறது.
குளிரில் தந்தியும் இறங்கிவிடுகிறது,
எது யார் தவறென்று சொல்ல முடியாது.

நேற்று நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.
மோவாயின் கீழ் வயலின்;
இறக்கி வைத்தால் மறுபடி பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.
வில்லை நீட்டி
அதன் நுனியால் பொத்தானை அழுத்தினேன்.

யஸ்னாவிடம் சொல்லவில்லை.