பிள்ளைக்காம்பரா

பொகவந்தலாவையில் பஸ் விட்டு இறங்கி
மேமலை டிவிஷன் என்றால்
ஓட்டோக்காரர் கேட்கிறார்:
"எது, பழசா, புதுசா?"
பழசுக்குப் பாதை இல்லை.
அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார்.

கடுகளவு இருந்தால் போதும், மலை நகரும் என்று
ஞாயிறு பள்ளியில் பாடமாக்கியிருந்தோம்.
நகர்ந்தது.
இரவு இரண்டே கால்.
யார் வைத்திருந்த கடுகு அது என்று
பாஸ்டரிடம் கேட்க வாயெடுத்து
நிவாரண ரொட்டியோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.
பாடசாலை வாங்குகளில் சனம் படுத்திருந்தது.
அந்தக் கேள்வியைக் கிடத்த அங்கே இடமில்லை.

நான் ஆயம்மா. என் கணக்கு எளிது.
காலையில் ஒன்பது பிள்ளைகளை வாங்குவேன்,
அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு
ஒன்பதையும் திருப்பிக் கொடுப்பேன்.
குறுக்குச் சட்டத்தில் ஒன்பது சேலைத் தொட்டில்,
பால்மா டின், மூத்திரத் துணி காயும் கம்பி.
மலை முதலில் எடுத்தது அந்தக் கட்டடத்தைத்தான்.
ஒரு பலகை மிஞ்சவில்லை.
பகலென்றால்...
பகலென்றால் என்ற சொல்லோடு
என் ஜெபம் அன்றிலிருந்து நின்றுவிடுகிறது.

இரவாக இருந்ததால்தானே
கீழ் லயத்து மூன்றாம் காம்பராவில்
எலியாஸ் தூங்கிக்கொண்டிருந்தார்.
கக்கூசுக்குப் போய்
டோர்ச்சோடு திரும்பிய வயலட்டுக்கு
வாசல் இல்லை.

ஒரே இரவு.
என் ஒன்பதை விட்டுவைத்ததும் அதுதான்,
அவளுடைய ஒன்றை எடுத்ததும் அதுதான்.
நன்றி என்று நான் ஆரம்பித்தால்
எதிரே அவள் நிற்கிறாள்,
டோர்ச்சை அணைக்காமல்.

அறுப்பின் பண்டிகைக்கு
கரட், லீக்ஸ், கால் கட்டிய ஒரு சேவல்,
யாரோ கொண்டுவந்த அரை மூடை சீமெந்துகூட
பீடத்தின் முன்னால் இருந்தது.
சாட்சி சொல்ல ஒவ்வொருவராய் எழுந்தார்கள்.
ஐந்து தலைமுறை லயத்தில் கிடந்தோம்,
இப்போது ஏழு பேர்ச், ஸ்தோத்திரம்.
பொய்யில்லை.
என் வீட்டிலும் ஜன்னல் இருக்கிறது.
முதல் நாள் காலை வெயில் உள்ளே வந்தபோது
திருடன் என்று எழும்பி உட்கார்ந்தேன்.
வீட்டுக்கு இலக்கம் பதினான்கு.
தோட்டத்து ஒபீசுக்குப் போகாமல்
என் பெயர் கேட்டு வாசலுக்கே வந்த முதல் கடிதம்
மின்சாரப் பில்.
காசு கட்டிய பிறகும்
வேதத்துக்குள் வைத்திருக்கிறேன்.

எழுந்து சொல்ல ஆசைதான்.
ஆனால் இந்த ஜன்னலுக்கு
யார் விலை கட்டியது என்று தெரியுமே.
பதினைந்தாம் இலக்கம் அவளுக்கு விழுந்திருந்தது.
மேல் லயமும் கீழ் லயமுமாய் இருந்த காலம் முழுக்க
தலையசைப்பு மட்டும்.
இப்போது அவள் இருமினால்
என் வீட்டுத் தட்டு அதிர்கிறது.

திங்கட்கிழமை
புதிய பிள்ளைக்காம்பராவுக்கு,
அந்தத் தகரக் கொட்டிலுக்கு, வந்தாள்.
தோளில் மாட்டுக் கயிறு.
"அவரு கயிறு. பட்டியில கெடந்துச்சு.
பசுவத்தான் வித்தாச்சே."
எட்டுத் தொட்டிலுக்குத்தான் கயிறு இருக்கிறதென்று
யார் அவளுக்குச் சொன்னார்களோ.
ஸ்டூலில் ஏறி அவளே கட்டினாள்.
கட்டியபின் இரண்டு கையாலும் அதைப் பிடித்து
முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கினாள்.
கால் தரையில் இல்லை.
எனக்கு மூச்சு வரவில்லை.
பிறகு இறங்கி, கையைச் சேலையில் துடைத்து,
"தாங்கும்" என்றாள்.

அந்தியில் தாய்மார் வந்தபோது
அவள் வாசலை விட்டுப் போகவில்லை.
சத்தமாக எண்ணினாள்.
எட்டுக்குப் பிறகு கொஞ்சம் நின்றாள்.
ஒன்பது.

ஆண்டவரே,
அந்த இரவுக்கு நான் நன்றி சொல்லமாட்டேன்.
இரண்டே காலை நீர் வைத்துக்கொள்ளும்.
ஒருநாள் நேரில் வந்து கேட்பேன்.
ஆனால் மலையைப் பெயர்த்தவர்
சுவரோடு சுவராய் அவளைக் கொண்டுவந்து வைத்தீரே,
அதற்குச் சொல்கிறேன்.
கயிற்றுக்குச் சொல்கிறேன்.
மெதுவாகத்தான் சொல்கிறேன்,
சுவர் மெல்லியது.

இன்றைக்கும் மத்தியானம் மழை பிடித்தது.
கயிறு ஒருதரம் கிறீச்சிட்டது.
இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.
பிள்ளை எழும்பவில்லை.