பதினொரு மணிக்கு இடியும் நகரம்

காலையில் ரோமாபுரிச் சிப்பாய்,
மத்தியானத்துக்கு மேல் கார்த்தேஜ்காரன்.
தாடி ஒட்டினால் கட்சி மாறிவிடும்.
நாள் கூலி, ரொட்டி, ஓர் அவித்த முட்டை,
செத்து விழுந்தால் கொஞ்சம் கூடுதல்.
என் தம்பி நேவியோ
அந்தக் கோடையில் பதினேழு முறை செத்தான்.

கசாப்புக்கடை உபால்தோ செனட்டர்.
படுக்கை விரிப்பைப் போர்த்திப்
படிக்கட்டில் நின்றால் போதும், பேசக் கூடாது.
அன்று கடைக்குத் திரும்பியும் பேசவில்லை.
கல்லீரலைக்கூடத்
தீர்ப்பு வழங்குவதுபோல்தான் நிறுத்தான்.

பளிங்குத் தூணுக்குப் பின்னால் வெறும் மரச்சட்டம்,
தொட்டால் சுண்ணாம்பு கையோடு வரும்.
பூகம்பத்துக்கு நான்கு பேர் கயிறு இழுத்தார்கள்.
பதினொரு மணிக்கு நகரம் இடிந்தது.
காகிதக் கூழ்ப் பாறைகளுக்கடியில்
கூட்டம் அலறி மாண்டது.
யாரோ விசில் ஊதினார்கள்.
மாண்டவர்கள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு
சாப்பாட்டு வரிசைக்கு ஓடினார்கள்.

மார்ச்சில் படம் எங்கள் பேட்டைக் கொட்டகைக்கு வந்தது.
நேவியோவின் சாவைப் பார்க்கத்
தெருவே திரண்டு போனது.
வந்தது ஒரு செருப்பு.
செருப்பும், அதில் ஒரு பெருவிரலும்.
எட்டு வயதில் டிராம் தண்டவாளத்தில் நகம் போன விரல்.
‘அவன்தான்!’
கொட்டகை எழுந்து நின்று கை தட்டியது.
ஒரு ராணி அப்போது அழுதுகொண்டிருந்தாள்,
பாவம், யாரும் பார்க்கவில்லை.

மாவீரனின் மணிக்கட்டில்
கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம்.
பார்த்தோம், சிரித்தோம்.
ஆனாலும் அவன் தோளால் தூணை முட்டியபோது
எனக்கு மூச்சு நின்றது.
பொய் என்று தெரிவதற்கும்
மூச்சு நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.
சான் லொரென்சோவில் குண்டு விழுந்த அந்த ஜூலையில்
நிஜக் கல்லுக்கடியில் மூன்று நாள் தோண்டி
ஓர்சோலா அக்காவை எடுத்தவள்.
நகரம் இடியத் தொடங்கியதும் என் கையைப் பற்றினாள்.
‘விசில் எப்ப ஊதுவாங்க?’
‘அது படத்துல வராதும்மா. வெட்டிடுவாங்க.’

மறுநாள் நாலு மணி ஆட்டத்துக்குத் தனியாகப் போனாள்.
அதற்கு மறுநாளும்.
இடியும் கட்டம் வந்தால் வெளியே வந்து நிற்கிறாளாம்,
டிக்கெட் கிழிக்கும் பையன் சொன்னான்,
சத்தம் ஓய்ந்ததும் உள்ளே போய்விடுகிறாளாம்.

மூன்றாம் தடவை நானும் போனேன்.
கடைசிக் காட்சி, வெற்றி ஊர்வலம்,
பூ எறியும் ஜனக்கூட்டம்.
இருட்டில் அம்மா விரலை நீட்டினாள்.
‘அதோ, இடது ஓரம், குதிரைக்குப் பக்கத்துல பாரு.
இடிபாட்டுல போனாளே, அவதான்.
கூடையை மட்டும் மாத்தியிருக்கா.’