மிதமான கடல்

இரவு ஒன்று முதல் காலை ஏழு வரை
தாராவாவின் வானம் என் மேசையில்.
கொண்டல், பதினைந்திலிருந்து இருபது நாட்.
அலை ஒன்றரை மீட்டர்.
வடமேற்கே எங்கோ பிறந்து வரும் நெட்டலை, இரண்டு.
கடைசியில் ஒரே ஒரு சொல் கேட்கும் கட்டம்:
அமைதி, மிதம், கொந்தளிப்பு.
எதைத் தொடுகிறேனோ
இருபத்து நான்கு மணி நேரத்துக்கு
அதுதான் கடல்.

பெரும்பாலும் மிதம்.
யார் தலையிலும் பழி விழாத சொல்.

ஐந்தே காலுக்கு மணி அடிக்கும்.
அபையாங்கிலிருந்து ரவோபெயா.
ஒட்டுப்பலகைப் படகு, நாற்பது குதிரை எஞ்சின்,
தண்ணீர் இறைக்க ஒரு பெயின்ட் டப்பா.
"மிதம் என்றால் என் படகுக்கா,
உன் நாற்காலிக்கா?"
பிறகு, தினமும் போல,
"நீயானால் போவாயா?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஐந்து மாதமாய்
எண்களையே திரும்ப வாசித்தேன்.

அந்த வியாழன் மட்டும்
செயற்கைக்கோள் படத்தில் மேற்கே ஒரு வெள்ளைத் திட்டு,
கழுவாத கோப்பையில் பாலாடை மாதிரி.
இங்கே வரும் என்றது ஒரு கணிப்பு.
கலைந்துவிடும் என்றது இன்னொன்று.
மூன்று பன்றிகள், தங்கை மகள் கல்யாணம்,
நண்பகலுக்குள் பெத்தியோ சேர வேண்டும் என்றார்.
"நான் போக மாட்டேன்" என்றேன்.

பன்றிகள் கத்துவது கேட்டது.
வைத்துவிட்டார்.

ஏழு மணிக்கு வெளியே வந்தால்
கடல், ஊற்றி வைத்த எண்ணெய்.
பத்துக்கும் அப்படியே.
பவளத் திட்டில் நின்ற கொக்கு
தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.
வெள்ளைத் திட்டு வடக்கே விலகி
ஆளில்லாத நீரில் பெய்து தீர்ந்தது.
கல்யாண வீட்டில்
டப்பாக் கறி திறந்தார்களாம்.

சனிக்கிழமை
அலுவலக வாசலில் ஈரச் சாக்கு.
உள்ளே உப்பிட்ட பின்னந்தொடை.
நன்றியா, குத்தலா,
சாக்கில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
வறுத்துத் தின்றேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

திங்கள், ஐந்தே கால்.
கொண்டல், பதினெட்டு. மிதம்.
"சரி, சரி. நீயானால்?"

ரிசீவரை மேசையில் கிடத்துகிறேன்.
இருட்டுக்குள் இறங்கிப் போய்
ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது,
பாறைக்கு அப்பால் சத்தம் எப்படி என்று
நின்று கேட்கிறேன்.

அங்கே அவர் காத்திருக்கிறார்.
ஒவ்வொரு நிமிடமும்
அவர் காசு.